காற்றா, கரியா: மின்சாரத்துக்கு எதை நம்புவது?

காற்றாலை வேண்டும் என்று ஒருவர் பேச ஆரம்பித்தால், எதிரில் இருப்பவர் உடனே கேட்பார்: "காற்று நின்றுபோனால் என்ன செய்வீர்கள்?" அனல்மின் நிலையத்துக்காக ஒருவர் வாதாடினால் அவருக்கும் ஒரு கேள்வி காத்திருக்கும்: "அந்தப் புகையை யார் சுவாசிப்பது?" இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் இருவரும் தங்கள் கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். நடுவில் நிற்பவர் குழம்பிப்போகிறார்.

அப்படி நடுவில் நிற்பவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். தொழிற்சாலைக்கு எந்த மின்சாரத்தை ஒப்பந்தம் போட்டு வாங்குவது என்று யோசிப்பவராக இருக்கலாம். தன் ஊரில் வரப்போகும் திட்டத்துக்குச் சம்மதம் சொல்வதா வேண்டாமா என்று தவிப்பவராக இருக்கலாம். ஒரு பட்டிமன்றத்துக்குத் தயாராகும் மாணவராகவும் இருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மின்சாரம் வாங்கும்போது நாம் உண்மையில் இரண்டு பொருள்களை வாங்குகிறோம். ஒன்று, யூனிட். மற்றொன்று, கேட்ட நேரத்தில் அந்த யூனிட் வந்து நிற்கும் என்ற உறுதி. இரண்டும் ஒரே கம்பியில் வருவதால் ஒரே பொருள் என்று நினைத்துவிடுகிறோம். காற்று முதலாவதை மலிவாகத் தருகிறது, இரண்டாவதைக் கொஞ்சமாகத்தான் தருகிறது. நிலக்கரியும் எரிவாயுவும் இரண்டாவதை நன்றாகத் தருகின்றன. ஆனால் முதலாவதற்கு அவை வாங்கும் விலையில் பெரும்பகுதி நம் மின்கட்டணத்தில் வருவதே இல்லை. வேறு யாரோ, வேறு எங்கோ அதைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

## எதை வைத்து அளப்பது

ஒருவர் விலையைப் பற்றியும் இன்னொருவர் புகையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தால் விவாதம் நகராது. நான் ஆறு அளவுகோல்களை வைத்துப் பார்க்கிறேன்:

- ஒரு யூனிட்டுக்கு ஆகும் முழுச் செலவு: கட்டுமானம், எரிபொருள், பராமரிப்பு, கடனுக்கான வட்டி எல்லாம் சேர்த்து
- கேட்ட நேரத்தில் கிடைக்குமா
- மனித உயிருக்கும் மூச்சுக்கும் என்ன ஆகும்
- பருவநிலைக்கு என்ன ஆகும்
- பத்து வருடம் கழித்து விலை என்னவாக இருக்கும் என்று இன்றே சொல்ல முடியுமா
- நிலம், தண்ணீர், கடைசியில் மிஞ்சும் கழிவு

இவற்றுக்கெல்லாம் சமமான எடை இல்லை. என்னைக் கேட்டால் இரண்டாவதும் மூன்றாவதும்தான் மற்றவற்றைவிடக் கனமானவை. ஒன்று, ஆஸ்பத்திரியில் விளக்கு அணையக் கூடாது. இன்னொன்று, அந்த விளக்கு எரிவதால் ஆஸ்பத்திரிக்கு ஆள் வரக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. 1,000 மெகாவாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது இயந்திரத்தின் உச்சத் திறன் மட்டுமே. ஒரு நல்ல அனல்மின் நிலையம் வருடம் முழுவதும் சராசரியாகத் தன் உச்சத்தில் 75 சதவீதம் வரை ஓட முடியும். நிலத்தில் நிற்கும் காற்றாலை இடத்தைப் பொறுத்து 25 முதல் 40 சதவீதம் தரும். கடலில் நிற்பது இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தரும். 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 1,000 மெகாவாட் அனல் நிலையம் வருடத்தில் தரும் அதே யூனிட்டுகளைப் பெற 2,500 மெகாவாட் காற்றாலைகள் வேண்டும். 3 மெகாவாட் டர்பைன் என்றால் 830-க்கும் மேல். காற்றாலைத் திட்டங்களின் அறிவிப்புகளைப் படிக்கும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

## நிலக்கரி

பொது மின்சாரம் பிறந்ததே நிலக்கரியில்தான். 1882-ல் லண்டனின் ஹோல்பார்ன் வயடக்டிலும் அதே வருடம் நியூயார்க்கின் பேர்ல் தெருவிலும் தொடங்கிய நிலையங்கள் கரியை எரித்துத்தான் விளக்கேற்றின. 142 வருடங்களுக்குப் பிறகு, 2024 செப்டம்பர் 30 அன்று, பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப் ஆன் சோரை மூடியது.

அனல்மின் நிலையத்துக்குள் ஒரு முறை போய் வந்தால் அதன் பலமும் பலவீனமும் சேர்ந்தே புரிந்துவிடும். கன்வேயர் பெல்ட்டில் கரி இடைவிடாமல் ஏறிக்கொண்டிருக்கும். அரவை இயந்திரம் அதை முகப்பவுடர் மாதிரி நைசாக அரைத்துக் கொதிகலனுக்குள் ஊதும். உள்ளே நெருப்பு. 500 டிகிரிக்கும் மேல் சூடேறிய நீராவி டர்பைனைச் சுழற்றும். ஆனால் அந்தச் சூட்டில் மின்சாரமாக மாறுவது சாதாரண நிலையத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான். மிகச் சிறந்த நவீன நிலையத்தில் 45 சதவீதம் வரை போகும். மிச்சமெல்லாம் புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கும் தண்ணீர் வழியாகவும் வெளியே போய்விடும்.

1,000 மெகாவாட் நிலையம் முழு வீச்சில் ஓடினால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10,000 டன் கரி வேண்டும். தரம் குறைந்த கரி என்றால் இன்னும் அதிகம். நாள்தோறும் மூன்று சரக்கு ரயில் கரி வந்து இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாம்பல் நிறைந்த கரியாக இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு சாம்பலாகவே மிஞ்சும்.

பலம் என்று பார்த்தால், கரியைக் குவித்து வைக்கலாம். முற்றத்தில் மூன்று வாரத்துக்கான கரி இருந்தால், வெளியே மழை பெய்தாலும் காற்று நின்றாலும் மின்சாரம் வரும். அப்புறம் டர்பைனின் கனமான சுழல்தண்டு தன் சுழற்சியாலேயே மின்தொகுப்பை நிலையாகப் பிடித்து வைக்கிறது. பலவீனம், அது மெதுவான இயந்திரம். முழுக்க ஆறிப்போன கொதிகலனை மறுபடி சூடேற்றி ஓட்டப் பல மணி நேரம் ஆகும். அதனால் தேவை குறையும் நள்ளிரவிலும் அணைக்காமல் பாதி வேகத்தில் எரித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இனி மறைந்திருக்கும் செலவு. 1952 டிசம்பரில் லண்டனில் ஐந்து நாள் புகைமூட்டம் இறங்கியது. வீட்டு அடுப்புகளும் மின்நிலையங்களும் எரித்த நிலக்கரியின் கந்தகப் புகைதான் அது. அந்த வாரங்களில் மட்டும் சுமார் 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் 12,000 வரை இருக்கலாம் என்றன. 1966 அக்டோபரில் வேல்ஸ் நாட்டின் ஆபர்ஃபானில், மலைமேல் குவித்திருந்த சுரங்கக் கழிவு மழையில் சரிந்து ஒரு பள்ளிக்கூடத்தின் மீது விழுந்தது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். 2008 டிசம்பரில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கிங்ஸ்டன் நிலையத்தின் சாம்பல் குளம் உடைந்து, சுமார் 40 லட்சம் கன மீட்டர் சாம்பல் கலந்த சேறு ஆற்றிலும் வீடுகளிலும் பாய்ந்தது.

இவை எல்லாம் செய்தியில் வந்தவை. செய்தியில் வராதது அன்றாடம் நடக்கிறது. நுண்துகள், கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, பாதரசம். ஒரு யூனிட்டுக்கு எத்தனை உயிர் போகிறது என்று விபத்தையும் காற்று மாசையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆய்வுகளின்படி, 100 கோடி யூனிட்டுக்கு நிலக்கரி சுமார் 25 உயிர்களை வாங்குகிறது. எண்ணெய் சுமார் 18, எரிவாயு 3-க்குச் சற்றுக் குறைவு. காற்று 0.04. அதாவது நிலக்கரி பறிக்கும் உயிர்களில் காற்று பறிப்பது அறுநூறில் ஒரு பங்கு. இந்த ஒரு எண்ணைப் பார்த்த பிறகு "நிலக்கரி மலிவு" என்று என்னால் சொல்ல முடியவில்லை. மூச்சிரைக்கும் குழந்தையின் மருத்துவச் செலவு மின்கட்டண ரசீதில் வருவதில்லை, அவ்வளவுதான்.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். சாம்பலில் ஒரு பகுதி சிமென்ட்டுக்கும் செங்கல்லுக்கும் போகிறது. கந்தகத்தைப் பிடிக்கும் கருவியும் தூசி வடிகட்டியும் ஒழுங்காகப் பொருத்தி, ஒழுங்காக ஓட்டினால் மாசு நிறையவே குறையும். பொருத்துவதோடு வேலை முடியாது, தினமும் ஓட்டவும் வேண்டும்.

## எரிவாயு, கூடவே டீசல்

எரியும் இடத்தில் பார்த்தால், இயற்கை எரிவாயு நிலக்கரியைவிட மிகச் சுத்தமான எரிபொருள். சாம்பல் கிடையாது, கந்தகம் கிட்டத்தட்ட இல்லை. எரிவாயு டர்பைனின் சூட்டில் நீராவி டர்பைனையும் சேர்த்து ஓட்டும் நிலையங்கள் எரிபொருளில் 60 சதவீதம் வரை மின்சாரமாக்குகின்றன. தனி எரிவாயு டர்பைன் என்றால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முழு வேகம் பிடித்துவிடும். காற்று திடீரென்று குறையும் மாலையில் கைகொடுக்க இதைவிடப் பொருத்தமான அனல் இயந்திரம் கிடையாது.

ஆனால் இதிலும் மறைந்திருக்கும் கணக்குகள் உண்டு. எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு. எரியாமல் கிணற்றிலோ குழாயிலோ கசிந்தால், 20 வருடக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல 80 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். எடுத்த வாயுவில் சுமார் 3 சதவீதம் கசிந்தாலே, அந்த 20 வருடக் கணக்கில் நிலக்கரியைவிட மேல் என்ற பெருமை கரைந்துவிடுகிறது. எரிவாயு நிலையத்தைக் காட்டி "பசுமை" என்பவர்களிடம் கசிவை யார் அளக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அடுத்தது விலை. எரிவாயு மின்சாரத்தின் செலவில் பெரும்பங்கு எரிபொருளுக்கே போகிறது. அதனால் உலகின் ஒரு மூலையில் போர் மூண்டால் இன்னொரு மூலையில் மின்கட்டணம் ஏறும். 2022-ல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த பிறகு ஐரோப்பாவில் நடந்தது இதுதான். அங்கே தட்டுப்பாடு வந்ததும் கப்பலில் வரும் திரவ எரிவாயுவுக்கு உலகம் முழுவதும் போட்டி. பணம் உள்ள நாடுகள் வாங்கிக்கொண்டன, இல்லாத நாடுகள் இருட்டில் இருந்தன.

எரிவாயு எப்போதும் உறுதி என்பதும் முழு உண்மை அல்ல. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கடும் குளிர் வந்தபோது காற்றாலைகள் உறைந்தன என்று படம் போட்டுக் காட்டினார்கள். உறைந்தது உண்மை. ஆனால் கிணறுகளும் குழாய்களும் உறைந்து எரிவாயு நிலையங்கள் இழந்த மின்சாரம்தான் எல்லாவற்றிலும் பெரியது. குளிரில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குளிருக்குத் தயார் செய்யாத எந்த இயந்திரமும் குளிரில் நின்றுபோகும் என்பதுதான் அங்கே தெரிந்தது.

டீசலைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. விலை அதிகம், புகை அதிகம். அவசரத்துக்கு ஜெனரேட்டராக வைத்துக்கொள்ளலாம்.

## காற்று

ஓடும் காற்றாலையின் அடியில் நின்று மேலே பார்த்திருக்கிறீர்களா? தூரத்தில் சோம்பலாகச் சுற்றுவது போல் தெரியும் அந்த இறக்கை, பக்கத்தில் போனால் வேறு மாதிரி. 60 மீட்டர் நீள இறக்கையின் நுனி மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் தலைக்கு மேலே கடக்கும்போது, துணியை உதறுவது போல ஒரு சத்தம். ஒவ்வொரு இறக்கையும் அடித்தண்டில் தனியாகத் திரும்பும். காற்று அளவோடு வீசினால் முகம் கொடுத்து வாங்கும், அதிகமானால் பக்கவாட்டில் திரும்பிக் காற்றை நழுவவிடும். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் சுழல ஆரம்பித்து, 12 மீட்டரை ஒட்டி முழுத் திறனை எட்டி, 25 மீட்டரைத் தாண்டினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். புயலில் காற்றாலை நிற்பதைப் பார்த்துப் பழுதென்று நினைப்பவர்கள் உண்டு. அது பழுது அல்ல.

இந்தத் தொழிலில் தெரிந்துகொள்ள வேண்டிய மிக முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. காற்றின் வேகம் இரட்டித்தால் அதில் உள்ள ஆற்றல் இரண்டு மடங்காவதில்லை, எட்டு மடங்காகிறது. சராசரி வேகம் நொடிக்கு 6 மீட்டராக இருக்கும் இடத்துக்கும் 7 மீட்டராக இருக்கும் இடத்துக்கும் காதில் படும் வித்தியாசம் ஒன்றுமில்லை. ஆனால் ஆற்றலில் சுமார் 59 சதவீத வித்தியாசம். இயந்திரத்தைவிட இடம் முக்கியம் என்று இத்துறையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். தவறான இடத்தில் வைத்த நல்ல டர்பைன் கடைசிவரை கடனைக் கட்ட முடியாமல் தவிக்கும். வீசும் காற்று முழுவதையும் பிடிக்கவும் முடியாது. ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் 1919-ல் காட்டியபடி, அதிகபட்சம் 59.3 சதவீதம்தான் எடுக்கலாம். முழுவதையும் எடுத்துவிட்டால் காற்று இறக்கைக்குப் பின்னால் நின்றுவிடும், புதிய காற்று வர வழியிருக்காது.

செலவின் வடிவமும் வேறு. எரிபொருளுக்குக் காசே இல்லை. கோபுரம், இறக்கை, அடித்தளத்தின் சில நூறு கன மீட்டர் கான்கிரீட், மின்தடம் எல்லாவற்றுக்கும் முதல் நாளே பணம் வேண்டும். பணத்தைக் கடனாக வாங்குவதால், காற்று மின்சாரத்தின் விலையை நிர்ணயிப்பது காற்றைவிட வட்டி விகிதம். வட்டி குறைவான நாட்டில் மலிவாக இருக்கும் அதே டர்பைன், வட்டி இரண்டு மடங்கான நாட்டில் விலை ஏறிவிடும். ஆனால் கட்டி முடித்துவிட்டால் 20, 25 வருடத்துக்கு விலை ஏறக்குறைய தெரிந்துவிடும். எந்தப் போரும் காற்றுக்கு விலை ஏற்ற முடியாது.

நல்ல காற்றுள்ள இடத்தில் இன்று புதிதாகக் கட்டப்படும் காற்றாலையின் யூனிட், புதிதாகக் கட்டப்படும் நிலக்கரி நிலையத்தின் யூனிட்டைவிட மலிவு. வளர்ந்த வேகமும் சாதாரணமில்லை. 1991-ல் டென்மார்க்கின் விண்டபியில் உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை தொடங்கியது. 11 டர்பைன்கள், மொத்தம் சுமார் 5 மெகாவாட். இன்று கடலில் நிறுத்தப்படும் ஒரே டர்பைன் 15 மெகாவாட். அந்தப் பண்ணை முழுவதைப்போல மூன்று மடங்கு.

ஒரு 3 மெகாவாட் டர்பைன் வருடத்துக்குச் சுமார் 79 லட்சம் யூனிட் தரும். அது நிலக்கரி மின்சாரத்தின் இடத்தைப் பிடித்தால் வருடத்துக்கு 4,000 டன் கரி மிச்சம். 25 வருட ஆயுளில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் டன். அந்தக் கோபுரத்தையும் இறக்கையையும் செய்யச் செலவான ஆற்றலை அது பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள்ளேயே திருப்பித் தந்துவிடுகிறது. "காற்றாலை செய்ய ஆகும் ஆற்றலை அது என்றைக்கும் தராது" என்று பரவும் பேச்சில் உண்மை இல்லை.

சரி, குறைகள். மறைக்காமல் பார்ப்போம்.

காற்று நிறைய வீசும் இடமும் மக்கள் நிறைய வாழும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. நடுவில் மின்தடம் போட வேண்டும். காற்றாலையை ஒன்றிரண்டு வருடத்தில் நிறுத்திவிடலாம். மின்தடத்துக்கு நிலம் வாங்கி, அனுமதி வாங்கி முடிக்க அதைவிட நீண்ட காலம் ஆகும். தடம் இல்லாமல், நல்ல காற்று வீசும் நாளில் டர்பைன்களை நிறுத்தி வைக்கும் கொடுமை பல நாடுகளில் நடக்கிறது.

பறவைகளும் வௌவால்களும் அடிபடுகின்றன. குறிப்பாகக் கழுகு போன்ற பெரிய பறவைகள். இடத் தேர்வில் வலசைப் பாதையைத் தவிர்ப்பதுதான் முதல் மருந்து. நார்வேயின் ஸ்மோலாவில் மூன்று இறக்கைகளில் ஒன்றைக் கறுப்பாக அடித்துப் பார்த்தார்கள். அந்த டர்பைன்களில் பறவைச் சாவு சுமார் 70 சதவீதம் குறைந்தது. நான்கே டர்பைன்களில் செய்த சிறிய சோதனைதான், இருந்தாலும் நம்பிக்கை தருகிறது.

இறக்கைகள் கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்தவை. எஃகையும் செம்பையும் உருக்கி மறுபடி பயன்படுத்துவது போல இவற்றைப் பயன்படுத்துவது எளிதல்ல. பல இடங்களில் வெட்டிப் புதைக்கிறார்கள். சில வகை டர்பைன்களின் காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியம் என்ற உலோகம் தோண்டப்படும் இடத்திலும் மண்ணும் நீரும் கெடுகின்றன. இதையெல்லாம் நிலக்கரிச் சாம்பலோடு எடைபோட்டால் அளவில் மிகச் சிறியது. அதற்காகக் கண்டுகொள்ளாமல் விட முடியாது.

வீட்டுக்கு மிக அருகில் நிறுத்தினால் இரவில் சத்தமும், காலை மாலை வெயிலில் இறக்கையின் நிழல் சன்னலில் வெட்டி வெட்டி விழுவதும் உண்மையான தொல்லைகள். புகார் செய்பவர்களை "வளர்ச்சிக்கு எதிரி" என்று தள்ளிவிடுவது அநியாயம். தூரத்தை ஒழுங்காக வைத்தாலே இது தீர்ந்துவிடும்.

## காற்று நின்றால்?

இந்தக் கேள்விக்கு ஒரே பதிலைத் தேடுவதால்தான் விவாதம் முடிவதில்லை. எவ்வளவு நேரம் நின்றால் என்று முதலில் கேட்க வேண்டும்.

சில நொடிகள். மின்தொகுப்பில் உற்பத்தியும் தேவையும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருக்க வேண்டும். உற்பத்தி குறைந்தால் அதிர்வெண், அதாவது மின்னோட்டம் ஒரு நொடியில் எத்தனை முறை அலைகிறது என்ற எண், 50-லிருந்து இறங்கும். 2019 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டனில் ஒரு மின்தடத்தில் இடி விழுந்ததும் ஹார்ன்சீ கடல் காற்றாலைப் பண்ணையும் லிட்டில் பார்ஃபோர்டு எரிவாயு நிலையமும் அடுத்தடுத்து நின்றன. அதிர்வெண் 48.8-க்கு இறங்கியது. பத்து லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மேல் தானாகவே துண்டிக்கப்பட்டார்கள். மின்சாரம் ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிட்டது, ரயில்கள் சீராக இன்னும் பல மணி நேரமானது. ஒன்று காற்று, ஒன்று எரிவாயு. இரண்டுமே திடீரென்று நிற்கும். இந்த நொடிக் கணக்குக்கு இன்று பேட்டரிதான் மிகச் சிறந்த காவல். தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேலில் 2017-ல் வைத்த 100 மெகாவாட் பேட்டரி இதைக் கண்முன் காட்டியது.

சில மணி நேரம். இன்றைய வானிலைக் கணிப்பு நாளைய காற்றை நன்றாகவே சொல்லிவிடுகிறது. மாலை குறையும் என்று காலையிலேயே தெரிந்தால் ஏற்பாடு செய்யலாம். நான்கு மணி நேரப் பேட்டரி, மேல் அணைக்குத் தண்ணீரை ஏற்றி இறக்கும் நீரேற்று நிலையம், தேவையை வேறு நேரத்துக்குத் தள்ளிவைக்கச் சம்மதிக்கும் தொழிற்சாலை ஆகியவை இதற்குப் போதும்.

பல நாள், பல வாரம். இங்கேதான் உண்மையான சிக்கல். குளிர்காலத்தில் ஒரு பெரிய நிலப்பரப்பு முழுவதும் காற்றும் வெயிலும் இல்லாமல் நாள்கணக்கில் இருப்பதற்கு ஜெர்மானியர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்: டுங்கெல்ஃப்ளாவ்ட, அதாவது இருட்டு அமைதி. அந்த நாள்களைப் பேட்டரியால் மட்டும் கடக்க முடியாது. டென்மார்க் தன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து எடுக்கிறது. அது சாத்தியமானது நார்வே, ஸ்வீடன் நீர்மின்சாரத்தோடும் ஜெர்மனியோடும் தடித்த மின்தடங்களால் கட்டப்பட்டிருப்பதால். அப்படிப்பட்ட அண்டை வீட்டார் இல்லாத நாட்டுக்கு இன்றைக்கு எரிவாயு நிலையம் வேண்டும். இதை ஒப்புக்கொள்ளாத காற்றாலை ஆதரவாளரோடு நான் உடன்படமாட்டேன்.

ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு, "எப்படியும் எரிவாயு நிலையம் வேண்டுமென்றால் காற்றாலை எதற்கு?" என்று கேட்பதும் தவறு. நிலையம் இருப்பது வேறு, எரிப்பது வேறு. வருடத்தில் 8,760 மணி நேரம். அதில் 7,000 மணி நேரம் எரிவதற்கும் 1,000 மணி நேரம் எரிவதற்கும் உள்ள வித்தியாசம்தான் நுரையீரலுக்குள் போகும் புகையின் வித்தியாசம். தீயணைப்பு வண்டி தினமும் ஓடாததால் அது வீண் என்று யாரும் சொல்வதில்லை. சும்மா நிற்கும் அந்த நிலையத்துக்கும் சம்பளம், பராமரிப்பு, கடன் உண்டு. அந்தச் செலவைக் காற்றின் கணக்கில் நேர்மையாகச் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நிலக்கரி | எரிவாயு | காற்று |
|---|---|---|---|
| செலவின் வடிவம் | கட்டுமானமும் எரிபொருளும் | பெரும்பாலும் எரிபொருள் | கிட்டத்தட்ட முழுவதும் முதலீடு |
| கேட்ட நேரத்தில் | கிடைக்கும், ஆனால் மெதுவாக | உடனே கிடைக்கும் | காற்று வீசும்போது |
| உயிரிழப்பு, 100 கோடி யூனிட்டுக்கு | சுமார் 25 | 3-க்குக் கீழ் | 0.04 |
| ஆயுள் முழுக்கக் கணக்கிட்ட கார்பன், யூனிட்டுக்கு | சுமார் 820 கிராம் | சுமார் 490 கிராம் | 11 முதல் 12 கிராம் |
| எதிர்கால விலை | ஏறி இறங்கும் | மிகவும் ஏறி இறங்கும் | முன்பே தெரியும் |
| தண்ணீர் | மிக அதிகம் | நடுத்தரம் | ஏறக்குறைய இல்லை |
| மறைந்த செலவு | நோய், சாம்பல், சுரங்கம் | மீத்தேன் கசிவு, போர் | மின்தடம், காப்பு நிலையம் |

கார்பன் எண்கள் 2014-ல் ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி தொகுத்த ஆய்வுகளின் நடுமதிப்புகள்.

## யாருக்கு எது

தேவை வளர்ந்துகொண்டே இருக்கும், நல்ல காற்றுள்ள நாடு. புதிய யூனிட்டுகளுக்குக் காற்று. இங்கே எனக்குத் தயக்கமே இல்லை. கூடவே சூரியசக்தி இருந்தால் இன்னும் நல்லது. பல இடங்களில் வெயில் தணியும் நேரத்தில் காற்று எழும். மின்தடத்துக்கு முதலிலேயே பணம் ஒதுக்க வேண்டும். புதிய நிலக்கரி நிலையத்தை நான் எந்த நாட்டுக்கும் பரிந்துரைக்கமாட்டேன். அது 40 வருடத்துக்கு எரிப்பேன் என்று எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம்.

ஏற்கெனவே நிலக்கரி நிலையம் ஓடும் நாடு. கடன் அடைந்த, வடிகட்டிகள் சரியாக ஓடும் நிலையத்தை ஒரே நாளில் இடித்துவிடத் தேவையில்லை. காற்று குறையும் பருவத்துக்கு மட்டும் என்று அதன் மணிநேரத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம். வடிகட்டி இல்லாத பழைய நிலையத்தை முதலில் மூட வேண்டும். அங்கே வேலை செய்பவர்களுக்கு மாற்று வேலையும் ஓய்வூதியமும் முன்கூட்டியே ஏற்பாடாகியிருக்க வேண்டும். சுரங்கத்தில் முதுகு ஒடிய உழைத்தவர்களை ஒரு வாக்கியத்தில் தள்ளிவிட்டுப் போவது எனக்கு ஒப்பாது.

காற்று பலவீனமான இடம். சராசரி வேகம் நொடிக்கு 5 மீட்டரையே எட்டவில்லை என்றால் காற்றாலையை மறந்துவிடுங்கள். சூரியசக்தியோ நீர்மின்சாரமோ, பக்கத்து நாட்டிலிருந்து வரும் மின்தடமோ, கடைசியாக எரிவாயுவோ பார்க்கலாம்.

டீசலில் ஓடும் தீவு. காற்று, பேட்டரி, அவசரத்துக்கு அதே டீசல். கப்பலில் வரும் டீசலின் விலையோடு ஒப்பிட்டால் காற்று மிக எளிதாக வெல்லும் இடம் இதுதான்.

எஃகு, சிமென்ட், உரம் செய்யும் ஆலை. மின்சாரம் மட்டுமே இவர்களுடைய தேவை அல்ல. உருக்கும் சூடும் வேதிப்பொருளும் வேண்டும். உலகம் இறுதியாகப் பயன்படுத்தும் ஆற்றலில் மின்சாரத்தின் பங்கே ஐந்தில் ஒன்றை ஒட்டித்தான். மோட்டாருக்கும் விளக்குக்கும் காற்று மின்சாரத்தை ஒப்பந்தம் போடலாம். உலைக்கு இன்னும் சில காலம் எரிவாயு தேவைப்படும்.

தன் நிலத்தில் காற்றாலை வைக்கச் சொல்லிக் கேட்கப்படும் விவசாயி. கோபுரத்தின் அடித்தளமும் பாதையும் போக மீதி நிலத்தில் பயிர் செய்யலாம், மாடும் மேய்க்கலாம். வாடகை நிலையான வருமானம். கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். வாடகை நிலையான தொகையா, விற்ற யூனிட்டுக்கு ஏற்பவா. வீட்டிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி. அப்புறம், 25 வருடம் கழித்து அந்தக் கோபுரத்தையும் கான்கிரீட்டையும் கழற்றி எடுப்பது யார் செலவில், அதற்கான பணம் இப்போதே தனிக் கணக்கில் போடப்படுகிறதா. மூன்றாவதற்கு எழுத்தில் பதில் வராத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.